கனசதுரமும் சூத்திரமும்: எதை எப்போது கற்பது?



இடைவேளை மணி அடித்தவுடன் நம் பள்ளி வேப்பமரத்தடியில் 'கடகட'வென்று ஓர் ஒலி கேட்கும். நம் மாணவியர் வண்ணக் கனசதுரத்தைச் சுழற்றும் ஒலி அது. "உனக்கு எத்தனை சூத்திரம் தெரியும்?" என்பதே அங்கு முதற் கேள்வி. "எனக்கு இருபது", "எனக்கு ஐம்பது" என்று போட்டி போட்டுக்கொண்டு விடை வரும். நானும் அவ்வாறு பெருமை பேசியவள்தான். ஆனால் ஒரு தோல்விக்குப் பிறகு என் கேள்வி மாறிவிட்டது. "அடுத்த சூத்திரத்தை எப்போது கற்க வேண்டும்?" என்பதே இப்போது என் கேள்வி. அதற்கு நான் கண்ட விடையை உங்களுடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

கனசதுரத்தின் கதை

ஹங்கேரி நாட்டின் தலைநகர் புடாபெஸ்ட். அங்கே கட்டடக்கலை ஆசிரியராக இருந்த எர்னோ ரூபிக் என்பவர் 1974ஆம் ஆண்டில் இந்தக் கனசதுரத்தை உருவாக்கினார். தாம் செய்த புதிரைத் தாமே தீர்ப்பதற்கு அவருக்கு ஏறத்தாழ ஒரு மாதம் ஆயிற்றாம்! அவருக்குச் சொல்லித்தர எந்த நூலும் இல்லை. எந்தச் சூத்திரமும் இல்லை. 1977இல் இது ஹங்கேரியில் 'மந்திரக் கனசதுரம்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 1980இல் 'ரூபிக் கியூப்' என்ற பெயரில் உலகெங்கும் பரவியது.

கனசதுரத்தில் 6 நடுத்துண்டுகள், 12 ஓரத்துண்டுகள், 8 மூலைத்துண்டுகள் உள்ளன. நடுத்துண்டுகள் இருக்குமிடத்திலேயே சுழலுமேயன்றி இடம் மாறுவதில்லை. மற்ற இருபது துண்டுகளும் மாறி அமையக்கூடிய நிலைகள் எத்தனை தெரியுமா? 43,252,003,274,489,856,000! அதாவது, 43 என்று எழுதி அதன் பின்னால் 18 சுழிகள் போட்டால் வரும் எண்ணைவிடவும் சற்று அதிகம். எவ்வளவு கலைந்த கனசதுரத்தையும் 20 திருப்பங்களுக்குள் தீர்த்துவிடலாம் என்பது கணிப்பொறிகளின் துணையுடன் 2010ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. ஆனால் அந்த 20 திருப்பங்களை மனிதக் கண் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிட முடியாது. ஆகவே நாம் படிப்படியாகவே தீர்க்கிறோம்.

1982ஆம் ஆண்டு ஜூன் மாதம் புடாபெஸ்டில் முதல் உலகப் போட்டி நடைபெற்றது. அமெரிக்காவிலிருந்து வந்த மின் தாய் என்ற பள்ளி மாணவர் 22.95 விநாடியில் தீர்த்து வென்றார். 2023ஆம் ஆண்டில் மேக்ஸ் பார்க் என்ற அமெரிக்க இளைஞர் 3.13 விநாடியில் தீர்த்துக் காட்டினார். சின்னஞ்சிறு வயதில் ஆட்டிசம் உள்ளவர் என்று அறியப்பட்ட அவருக்கு, விரல்களின் இயக்கம் சீர்படட்டும் என்றுதான் பெற்றோர் இக்கனசதுரத்தைக் கொடுத்தார்களாம். நம் பெற்றோர்களும் இதனை வெறும் விளையாட்டுப் பொருள் என்று ஒதுக்கிவிடாமல் இருக்க இச்செய்தி உதவும் என எண்ணுகிறேன்.

ஒரு பெண்மணியின் பெயரால் ஒரு முறை

விரைவாகத் தீர்ப்போரில் மிகப் பலர் கையாளும் முறை, ஜெசிகா ஃப்ரிட்ரிக் என்ற பெண்மணியின் பெயரால் வழங்கப்படுகிறது. அம்முறையின் சில பகுதிகளைக் கண்டவர்கள் வேறு சிலர். எனினும் அதனை முழுமையாக்கி 1997இல் இணையத்தில் அனைவருக்கும் எடுத்து விளக்கியவர் இவர். செக்கோஸ்லோவாகியாவில் பிறந்த இவர் 1982ஆம் ஆண்டின் உலகப் போட்டியில் கலந்துகொண்டார். 2003இல் கனடாவின் டொரன்டோ நகரில் நடந்த உலகப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றார். அமெரிக்காவின் பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி, ஒரு புகைப்படம் எந்தக் கேமராவில் எடுக்கப்பட்டது என்று கண்டறியும் ஆராய்ச்சியிலும் புகழ் பெற்றார். விளையாட்டும் படிப்பும் பகையல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

இம்முறையில் நான்கு படிகள் உண்டு. முதலாவது, அடியில் ஒரு நிறத்தால் சிலுவை வடிவம் அமைத்தல். இரண்டாவது, மூலையையும் ஓரத்தையும் இணையாகச் சேர்த்து முதல் இரண்டு அடுக்குகளை முடித்தல். மூன்றாவது, மேல் முகம் முழுவதையும் ஒரே நிறமாக்குதல்; இதனை ஓ.எல்.எல். என்பர். நான்காவது, மேல் அடுக்கின் துண்டுகளைத் தத்தம் இடத்தில் சேர்த்தல், இது பி.எல்.எல். எனப்படும். மொத்தம் ஏறத்தாழ 55 முதல் 60 திருப்பங்களில் வேலை முடிந்துவிடும்.

முதல் இரண்டு படிகளையும் சூத்திரம் இன்றியே சிந்தித்துச் செய்யலாம். கடைசி இரண்டு படிகளுக்குத்தான் சூத்திரங்கள் தேவை. ஓ.எல்.எல். நிலைகள் 57; பி.எல்.எல். நிலைகள் 21; ஆக 78 சூத்திரங்கள். இவற்றைக் கண்டு மலைக்க வேண்டாம். ஒவ்வொரு படியையும் இரண்டாகப் பிரித்துக்கொண்டால், மூன்றாம் படிக்கு 10, நான்காம் படிக்கு 6, ஆக 16 சூத்திரங்களே போதும். ஆனால் கடைசி அடுக்கை இரண்டு முறை பார்ப்பதற்குப் பதிலாக நான்கு முறை பார்க்க வேண்டியிருக்கும். 16இலிருந்து 78க்கு எப்போது போவது என்பதே நம் வினா.

நான் கற்ற பாடம்

சென்ற கோடை விடுமுறையில், சுமார் 55 விநாடியில் தீர்த்துக்கொண்டிருந்த நான், 57 ஓ.எல்.எல். சூத்திரங்களையும் இரண்டரை வாரத்தில் மனப்பாடம் செய்தேன். ஒரு நோட்டுப் புத்தகம் முழுவதும் அம்புக்குறிகள்! ஜூன் மாதத்தில் ஒரு போட்டிக்குச் சென்றேன். உலகப் போட்டிகளைப் போலவே அங்கும் ஐந்து முறை தீர்க்க வேண்டும். மிகக் குறைந்த நேரத்தையும் மிக அதிக நேரத்தையும் நீக்கிவிட்டு, நடுவிலுள்ள மூன்றின் சராசரியை எடுப்பார்கள். தீர்க்காமல் விட்டது ஒன்றானால், அது மிக மோசமான நேரமாகக் கழிந்துவிடும். இரண்டானால் சராசரியே கிடையாது.

முதல் முறை, மேல் முகத்தில் ஒரு வடிவத்தைக் கண்டேன். அதைப்போலவே இருக்கும் வேறொரு வடிவத்தின் சூத்திரத்தைக் கை தொடங்கிவிட்டது. பாதியில் நின்றேன். செய்து முடித்த அடுக்குகளும் கலைந்தன. எப்படியோ ஒரு நிமிடம் இருபது விநாடியில் முடித்தேன். மூன்றாம் முறை, முடிந்துவிட்டது என்று அவசரத்தில் கடிகாரத்தை நிறுத்தினேன். பின்பக்கத்தில் துண்டுகள் இடம் மாறிக் கிடந்தன. நான்காம் முறை சூத்திரம் முற்றிலும் மறந்துபோகக் கனசதுரத்தை மேசைமேல் வைத்துவிட்டேன். இரண்டு முறை தீர்க்காததால் என் பெயருக்கு எதிரே சராசரி இல்லை.

அதே போட்டியில் நம் பள்ளியின் ஒன்பதாம் வகுப்புத் தங்கை ஒருத்தி 38 விநாடி சராசரி பெற்றாள். "உனக்கு எத்தனை சூத்திரம் தெரியும்?" என்று கேட்டேன். "பதினாறுதான் அக்கா" என்றாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பேருந்தில் அந்தப் பதினாறு என் காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது.

அருட்சகோதரி கேட்ட கேள்வி

பள்ளி திறந்ததும் எங்கள் கணித ஆசிரியையான அருட்சகோதரியிடம் இதைச் சொல்லி வருந்தினேன். அவர்களுக்குக் கனசதுரம் தீர்க்கத் தெரியாது. எனினும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உன் நேரம் எங்கே போகிறது என்று பார்த்தாயா?" என்றார்கள். "இல்லை சிஸ்டர்" என்றேன். "பரீட்சையில் முப்பது மதிப்பெண் போன இடத்தை விட்டுவிட்டு, மூன்று மதிப்பெண் போன இடத்தையே உட்கார்ந்து படிப்பாயா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்கள்.

அன்று மாலை என் தம்பியிடம் கைபேசியைக் கொடுத்து, நான் 20 முறை தீர்ப்பதைப் படம் பிடிக்கச் சொன்னேன். பிறகு ஒவ்வொரு படிக்கும் ஆன நேரத்தைக் குறித்தேன். சராசரியாகச் சிலுவைக்கு 8 விநாடி, முதல் இரண்டு அடுக்குகளுக்கு 31 விநாடி, கடைசி அடுக்கு முழுவதற்கும் 15 விநாடி; மொத்தம் 54 விநாடி. அந்த 31 விநாடியில் என் கைகள் திரும்பிய நேரம் பாதிகூட இல்லை. மீதி நேரமெல்லாம் அடுத்த துண்டு எங்கே என்று தேடி, கனசதுரத்தை இப்படியும் அப்படியும் புரட்டிக்கொண்டிருந்தேன்! நான் விடுமுறையெல்லாம் உழைத்ததோ கடைசி 15 விநாடியில் ஒரு பகுதிக்காக.

கணக்குப் பார்ப்போம்

தோழியரே, நாம் பத்தாம் வகுப்பில் படிக்கும் நிகழ்தகவு இங்கே நன்கு பயன்படுகிறது.

கடைசி அடுக்கை 16 சூத்திரங்களைக் கொண்டு நான்கு பார்வையில் முடிக்க 15 விநாடி ஆகிறது. ஒரு பார்வைக்குச் சராசரி 3.75 விநாடி என்று கொள்வோம்.

முதலில் பி.எல்.எல். படியை எடுத்துக்கொள்வோம். மேல் அடுக்கைச் சுழற்றி ஒரு மூலையைச் சரியான இடத்தில் வைத்துவிட்டால், மற்ற மூன்று மூலைகள் 3 × 2 × 1 = 6 விதமாக அமையலாம். அவற்றுள் ஒன்றே சரியானது. ஆகவே 6இல் 5 முறை மூலைகளுக்கென்று ஒரு தனிப் பார்வை வேண்டியுள்ளது. 21 சூத்திரங்களும் தெரிந்தால் அப்பார்வை மிச்சமாகும். மிச்சமாகும் நேரம் சராசரியாக 3.75 × 5/6, அதாவது ஏறத்தாழ 3.1 விநாடி. புதிதாகக் கற்க வேண்டியவை 21 – 6 = 15.

அடுத்து ஓ.எல்.எல். படி. கடைசி அடுக்கின் நான்கு ஓரங்களும் தாமாகவே மேல்நோக்கி அமைவது 8இல் ஒரு முறைதான். ஆகவே மிச்சமாகும் நேரம் 3.75 × 7/8, ஏறத்தாழ 3.3 விநாடி. ஆனால் புதிதாகக் கற்க வேண்டியவை 57 – 10 = 47!

ஒரு சூத்திரத்துக்கு இவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால், பி.எல்.எல். சூத்திரம் ஒவ்வொன்றும் 0.21 விநாடி தருகிறது, ஓ.எல்.எல். சூத்திரம் ஒவ்வொன்றும் 0.07 விநாடிதான் தருகிறது. மூன்று மடங்கு வித்தியாசம்! ஆகவே பி.எல்.எல். சூத்திரங்களையே முதலில் கற்க வேண்டும் என்பது தெளிவு. நானோ தலைகீழாகத் தொடங்கியிருந்தேன்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய இலாபம் வேறிடத்தில் இருக்கிறது. 31 விநாடியாகும் முதல் இரண்டு அடுக்குகளில், தேடும் நேரத்தைக் குறைத்து மூன்றில் ஒரு பங்கை மிச்சப்படுத்தினாலே 10 விநாடி குறைந்துவிடும். அதற்கு ஒரு புதுச் சூத்திரம்கூடத் தேவையில்லை.

எந்த நிலையில் எதைக் கற்பது?

மேற்கண்ட கணக்கையும் என் அனுபவத்தையும் கொண்டு கீழ்க்கண்ட வரிசையைப் பரிந்துரைக்கிறேன். விநாடிகளை எழுதியிருப்பது ஒரு வழிகாட்டியே. உங்கள் அளவீட்டையே நீங்கள் நம்ப வேண்டும்.

1. ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும் நிலை: புதுச் சூத்திரம் வேண்டாம். தாளைப் பாராமல், பிழையின்றித் தொடர்ந்து 20 முறை தீர்க்கப் பழகுங்கள். பிறகு சிலுவையைக் கீழ்ப்பக்கத்தில் வைத்தே அமைக்கவும், மூலையையும் ஓரத்தையும் இணைத்துச் செருகவும் கற்றுக்கொள்ளுங்கள். எந்தச் சிலுவையையும் 8 திருப்பங்களுக்குள் அமைத்துவிட முடியும்.

2. ஒரு நிமிடம் முதல் 35 விநாடி வரை: 16 சூத்திரங்களை ஐயமறக் கற்றுக்கொண்டு, முதல் இரண்டு அடுக்குகளில் உழையுங்கள். போட்டியில் தொடங்குமுன் கனசதுரத்தைப் பார்க்க 15 விநாடி தருவார்கள். அந்நேரத்திலேயே சிலுவை முழுவதையும் மனத்தில் திட்டமிடப் பழகுங்கள்.

3. 35 விநாடிக்குக் கீழ்: பி.எல்.எல். சூத்திரங்களைத் தொடங்கலாம். இதிலும் ஒரு வரிசை உண்டு. பெரும்பாலான நிலைகள் 18இல் ஒரு முறை வரும். 'என்' என்ற எழுத்தால் குறிக்கப்படும் இரண்டு நிலைகளோ ஒவ்வொன்றும் 72இல் ஒரு முறைதான் வரும். அடிக்கடி வருவதை முதலிலும் அரிதாக வருவதைக் கடைசியிலும் கற்பதே அறிவுடைமை.

4. 25 விநாடிக்குக் கீழ்: ஓ.எல்.எல். சூத்திரங்களைத் தொடங்கலாம். வாரத்துக்கு 2 வீதம் கற்றால் 47 சூத்திரங்களுக்கு 24 வாரம், அதாவது ஏறத்தாழ அரை ஆண்டு ஆகும். அவசரம் வேண்டாம்.

5. அதற்கும் மேற்பட்டவை: இசட்.பி.எல்.எல். என்று ஒரு தொகுதி உண்டு. பி.எல்.எல். நீங்கலாக அதில் 472 நிலைகள்! ஓரங்கள் நான்கும் மேல்நோக்கி இருந்தால் மட்டுமே அது பயன்படும். நாம் வேண்டுமென்றே ஓரங்களைச் சரிசெய்து கொண்டாலன்றி அது 8இல் ஒரு முறைதான் நேரும். அந்த 472இல் ஒரு குறிப்பிட்ட நிலை தற்செயலாக நம் முன் வருவது ஏறத்தாழ 3,900 முறை தீர்த்தால் ஒரு முறைதான். பத்து விநாடிக்குள் தீர்ப்பவர்கள் ஒவ்வொரு பத்தில் ஒரு விநாடிக்கும் போராடுகிறார்கள். அவர்களுக்கு இது தகும். நமக்குத் தகுமா என்று நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதனால் சூத்திரங்கள் வேண்டாம் என்று நான் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். 25 விநாடியில் நிலையாகத் தீர்ப்பவள் புதிது கற்கச் சோம்பினால் அங்கேயே தேங்கிவிடுவாள். காலத்துக்கு முன் கற்பது ஒரு பிழை என்றால், காலம் வந்தபின் கல்லாதிருப்பதும் பிழையே. நேரத்தைப் பற்றிக் கவலையின்றி, சூத்திரத்தின் அழகுக்காகவே கற்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு எந்த வரிசையும் தேவையில்லை.

கற்கும் முறை

முதலில் சூத்திரம் துண்டுகளை எங்கே கொண்டுபோகிறது என்று மெதுவாகப் பாருங்கள். இதற்கு ஒரு சிறு சோதனை சொல்கிறேன். தீர்ந்த கனசதுரத்தை எடுத்து, வலப்பக்கத்தை மேலே திருப்புங்கள். மேல் அடுக்கைக் கடிகாரத் திசையில் திருப்புங்கள். வலப்பக்கத்தைக் கீழே இறக்குங்கள். மேல் அடுக்கை எதிர்த்திசையில் திருப்புங்கள். இந்த நான்கு திருப்பங்களையும் சேர்த்து 6 முறை செய்தால் கனசதுரம் பழையபடி தீர்ந்த நிலைக்கே வந்துவிடும்! ஏன் வருகிறது என்று ஒரு மூலைத்துண்டின் மீது கண் வைத்துப் பாருங்கள். சூத்திரம் என்பது மந்திரமன்று என்பது விளங்கும்.

அடுத்து, வாரத்துக்கு இரண்டுக்கு மேல் கற்க வேண்டாம். ஒரே மாதிரித் தோன்றும் இரண்டு நிலைகளை ஒரே வாரத்தில் கற்கவே வேண்டாம். என் முதல் பிழை அதுவே. ஒரு சூத்திரம் தெரியும் என்று சொல்ல மூன்று தகுதிகள் வேண்டும். நிலையைக் கண்டவுடன் அடையாளம் தெரிய வேண்டும். யோசியாமல் கை செய்ய வேண்டும். ஒரு வாரம் விட்டுக் கேட்டாலும் மறவாதிருக்க வேண்டும். மூன்றும் நிறைவேறும்வரை அடுத்ததைத் தொடாதீர்கள். போட்டிக்கோ தேர்வுக்கோ முந்திய ஒரு மாதத்தில் புதியது எதுவும் வேண்டாம், தெரிந்ததையே பழகுங்கள்.

நாள்தோறும் பதினைந்து நிமிடம் போதும் என்று நானும் அம்மாவும் ஓர் உடன்பாடு செய்துகொண்டோம். மணி அடித்ததும் கனசதுரம் அலமாரிக்குப் போய்விடும். அதனால் முன்னேற்றம் குறையவில்லை, கவனம் கூடியது.

முடிவுரை

நான் அந்த 47 சூத்திரங்களை ஒதுக்கி வைத்தேன். 16ஐ மட்டும் கொண்டு, மூன்று மாதம் முதல் இரண்டு அடுக்குகளையே மெதுவாகப் பழகினேன். 54 விநாடி 36 ஆயிற்று. பிறகு வாரம் இரண்டு வீதம் பி.எல்.எல். சூத்திரங்களைக் கற்றேன். சென்ற மாதம் மீண்டும் போட்டிக்குச் சென்றேன். ஐந்து முறையும் தீர்த்தேன். சராசரி 31 விநாடி. பரிசு ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் என் பெயருக்கு எதிரே இந்த முறை ஓர் எண் இருந்தது. அம்புக்குறி நோட்டுப் புத்தகம் அலமாரியில் காத்திருக்கிறது. பொதுத்தேர்வு முடிந்த பிறகுதான் அதைத் திறப்பேன்.

இப்போது பாடம் படிக்கும்போதும் அருட்சகோதரியின் அந்தக் கேள்வி எனக்குத் துணை செய்கிறது. காரணிப்படுத்தத் தெரியாமல் இருபடிச் சமன்பாட்டின் சூத்திரத்தை மட்டும் உருப்போட்டு, குறியை மாற்றிப் போட்டுத் தவித்த நாட்கள் எனக்குண்டு. தாலந்து உவமையில் தலைவர் தம் ஊழியர்களிடம் எத்தனை தாலந்து பெற்றாய் என்று கேட்கவில்லை. பெற்றதைக் கொண்டு என்ன செய்தாய் என்றே கணக்குக் கேட்டார். கையிலுள்ள பதினாறை நன்கு பயன்படுத்துபவளுக்கு எழுபத்தெட்டும் உரிய காலத்தில் வந்து சேரும்.

ஆகவே தோழியரே, நாளை வேப்பமரத்தடியில் சந்திக்கும்போது "எத்தனை சூத்திரம் தெரியும்?" என்று என்னைக் கேட்காதீர்கள். "உன் நேரம் எங்கே போகிறது?" என்று கேளுங்கள். என் குறிப்பேட்டை எடுத்துக் காட்டுகிறேன். நீங்களும் உங்களுடையதைக் கொண்டு வாருங்கள்!

— பத்தாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு